போனில் ஆர்பிஜி: நீங்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?

தாம்பரம்வாசி:
போனுக்கு எந்த ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி, அதை வளர்த்துக்கொண்டே போகும் ‘ரோல் பிளேயிங்’ ஆட்டம்) நல்லது என்று கேட்டாலே பேச்சு கிராஃபிக்ஸில்தான் போய் நிற்கிறது. எங்கே, எந்த நிலையில் விளையாடப்போகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். நான் விளையாடுவது தாம்பரம் – பீச் மின்சார ரயிலில். காலையில் உட்கார இடம் கிடைக்காது. ஒரு கை கம்பியில், மிச்சம் இருக்கும் ஒரு கைதான் போனுக்கு. கிண்டியில் கூட்டம் ஏறினால் அந்த நொடியே போனைப் பையில் போட வேண்டியிருக்கும்.

போன மே மாதம், நண்பர்கள் எல்லோரும் புகழ்ந்த ஓர் ஆன்லைன் ஆர்பிஜியை ஏற்றிப் பார்த்தேன். அழகில் குறையே இல்லை. ஆனால் கத்திரி வெயிலில், அந்தப் பெட்டிக்குள் கொஞ்ச நேரத்திலேயே போன் கொதித்தது. திரை தானாக மங்கியது, ஆட்டம் திக்கித் திக்கி நகர்ந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். விலை கூடின போனுக்கும் இதே கதிதான். நடுவில் நெட் வேறு போய்விடும்.

இப்போது என் போனில் நிலைத்து நிற்பது ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன், நிலவறைக்குள் தளம் தளமாக இறங்கிச் சண்டை போடும் ஆட்டம். ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் தேவையில்லை. நாம் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். அதனால் சண்டை நடுவே கண்ணை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. மூடிவிட்டுத் திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். எளிது என்று மட்டும் நினைக்காதீர்கள். செத்தால் மறுபடி முதல் தளத்திலிருந்துதான். மருந்துகளின் நிறம் ஒவ்வொரு புது ஆட்டத்திலும் மாறும். போன தடவை உயிர் கொடுத்த அதே நிறம் இந்தத் தடவை காலடியில் தீயைக் கிளப்பும். ஐந்தாம் தளத்தில் ‘கூ’ என்று ஒரு கறுப்புக் கூழ் வரும். தண்ணீரில் நின்றால் அதன் காயம் ஆறிக்கொண்டே போகும், அதனால் அதைக் கரைக்கு இழுத்து வந்து அடிக்க வேண்டும். அது உடம்பை ஊதிப் பெருக்கினால் உடனே விலகிவிடுங்கள், அடுத்த அடி தாங்காது. இதையெல்லாம் செத்துச் செத்துத்தான் கற்றுக்கொள்ள முடியும், அதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

நீளமான கதை வேண்டும் என்பவர்களுக்கு டிராகன் குவெஸ்ட் 8. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ஆட்டம். போனில் திரையை நிமிர்த்திப் பிடித்து ஒரே கட்டைவிரலால் ஆடலாம். ஒரு தடவை காசு கொடுத்தால் முடிந்தது.

பெரம்பூர்வாசி:
அண்ணா, ரயிலுக்கு நீங்கள் சொல்வது சரி. வீட்டில் ஃபேனுக்கு அடியில், வைஃபையில் விளையாடும் என்னைப் போன்றவர்களுக்கு அழகும் முக்கியம்தான். 2020 செப்டம்பரில் வந்த கென்ஷின் இம்பாக்டை நான் இன்னும் விடவில்லை. மலை ஏறிச் சுற்றிலும் பார்ப்பதற்காகவே உள்ளே போவேன். ஆனால் தொடங்கும் முன் இரண்டு விஷயம். போனில் நிறைய ஜிபி காலியாக இருக்க வேண்டும். அப்புறம், புதுப் பாத்திரம் கிடைக்க ஆட்டத்தின் கற்களையோ காசையோ போட்டு ஆடும் அந்தக் குலுக்கல். 90 தடவைக்குள் ஒரு ஐந்து நட்சத்திரப் பாத்திரம் நிச்சயம், ஆனால் நாம் ஆசைப்பட்டதுதான் வரும் என்று உறுதி கிடையாது. கார்டு விவரத்தைப் போனில் சேமிக்காமல், ஆட்டத்தில் கிடைக்கும் கற்களைச் சேர்த்து வைத்தே விளையாடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் போன் என்றால் பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மயிலாப்பூர்வாசி:
சண்டையே பிடிக்காத என் அக்காவுக்கு, பண்ணை வைத்து விவசாயம் பார்க்கும் ஆட்டமான ஸ்டார்டியூ வேலி போட்டுக் கொடுத்தேன். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் உருவாக்கியது, ஆண்ட்ராய்டுக்கு 2019-இல் வந்தது. இதுவும் ஒருமுறை காசுதான், நெட் வேண்டாம். எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும், செட்டிங்ஸில் பெரிதாக்கிக் கொடுங்கள். அக்கா இப்போது சுரங்கத்தில் இறங்கி வாள் வீசுகிறார்.