பதில்: கேமராவின் ‘ஸ்டாண்டர்ட்’ – தரமா, தாங்கியா, நிலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் நான் இதுவரை வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. பழைய பெருவடிவக் கேமராவில் ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்டர்ட்’ எனப்படும் உறுப்புக்குத்தானே தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம்? அந்த உறுப்பே என் மேசைமேல் உடைந்து கிடந்தது. நேற்றிரவுதான் வேலை முடிந்தது.

> ‘முன் தரம்’, ‘பின் தரம்’ என்று ஒரு குறிப்பில் பார்த்தேன். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் ஐயா. அது அகராதியின் முதல் பொருளை மட்டும் பார்த்து எழுதியவர் செய்த வேலை. ‘ஸ்டாண்டர்ட்’ என்பதற்கு நட்டமாக நிற்பது, தூண் என்ற பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. பெருவடிவக் கேமராவில் அந்தப் பொருள்தான் பொருந்தும். கேமராவின் நடுவே மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தியின் இரு முனைகளிலும் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. முன்னது வில்லையை (லென்ஸை)ப் பிடித்திருக்கிறது; பின்னது காட்சியைப் பார்த்துச் சரிசெய்யும் மங்கல் கண்ணாடியையும் படம் பதியும் தகட்டையும் பிடித்திருக்கிறது. இதில் தரம் எங்கே வந்தது? ‘முன் தரம் உடைந்துவிட்டது’ என்று படிப்பவர் என்னதான் நினைப்பார்!

> ‘தாங்கி’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் அச்சு சுழலும் உறுப்புக்கு (பேரிங்) அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதோடு, பழுதுபார்ப்புக் குறிப்பு எழுதும்போது ‘தாங்கியைத் தாங்கும் தாங்குகாலின் திருகு’ என்று எழுத நேரும். நான் எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது.

என் கட்சி ‘நிலை’. கதவு நிலை, நிலைக்கால் என்று தச்சர் புழங்கும் சொல் அது. தச்சரை இழுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்சட்டத்தை ஏற்றவும் சாய்க்கவும் வசதியாக, நீண்ட துளையுள்ள பித்தளைக் கைகளை இரு பக்கமும் வைத்து 1895-இல் காப்புரிமை பெற்ற ஃபிரடெரிக் சாண்டர்சன் தொழிலால் மரத்தச்சர். கட்டடங்களைப் படம் எடுப்பதில் ஆர்வம் கொண்டவர். அவர் ஒரு தச்சுச் சட்டத்தைத்தான் நிறுத்தி வைத்தார். நாம் அதற்குத் தச்சர் சொல்லைக் கொடுப்பது கடன்கூட ஆகாது.

என்னுடையதில் ஒடிந்தது அப்படிப்பட்ட கைகளில் ஒன்றுதான். நீள்துளையின் மேல்முனையில், பிடிப்புத் திருகை முறுக்கி முறுக்கி நூறாண்டுக் காலம் அழுத்தம் ஏறிய இடத்தில், மயிரிழையாக வெடித்து, பிறகு இரண்டாகப் போயிருந்தது. எனக்கு முன் யாரோ ஈயப் பற்றாசு வைத்து ஒட்டிப் பார்த்திருக்கிறார். இழுவிசை வரும் இடத்தில் அது நிற்காது. வெள்ளிப் பற்றாசு நிற்கும். ஆனால் அது உருக 600 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் பித்தளை தன் விறைப்பை இழந்து குழைந்துவிடும். மெல்லிய கைக்கு விறைப்புதான் உயிர். ஆகவே ஒட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, அதே தடிமனில் விறைப்பான தகடு எடுத்து, உடைந்த துண்டுகளை அதன்மேல் சேர்த்து வைத்துக் கீறினேன். துளையின் இரு முனைகளிலும் முதலில் துளைத்துக்கொண்டு, நடுவைக் கம்பி ரம்பத்தால் அறுத்து, அரத்தால் நேராக்கினேன். இரண்டு மாலைகள் போயின, அதில் ஒன்று முழுவதும் அரத்துக்கே.

மரத்தில் திருகு ஏறும் துளைகளும் தளர்ந்திருந்தன. கடினமரக் குச்சியைப் பசையோடு அடித்து நிரப்பி, காய்ந்தபின் புதிதாகத் துளைத்தேன். இங்கே ஒரு சங்கதி: பித்தளைத் திருகை நேரே முறுக்கினால் தலை கழுத்தோடு கையில் வந்துவிடும். அதே அளவுள்ள எஃகுத் திருகை முதலில் ஓட்டி மரத்தில் மரையை வெட்டவிட்டு, அதைக் கழற்றிய பிறகே பித்தளையை ஏற்ற வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் இரு சட்டங்களுக்கும் இடையே நான்கு மூலைகளிலும் அளந்தேன். ஒரு மூலை ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. சின்னப் பிழை என்று விட முடியாது. வில்லைத் தளம் சாய்ந்தால் கூர்மையாக விழும் தளமும் சாயும். ஆஸ்திரியரான தியோடர் ஷைம்ஃப்ளூக் 1904-ஆம் ஆண்டுக் காப்புரிமையில் விளக்கியது இதைத்தான். நாமே வேண்டிச் சாய்த்தால் அது வித்தை, தானாகச் சாய்ந்தால் பழுது. ‘நிலை பிசகியிருக்கிறது’ என்று என்னையறியாமல் சொன்னேன். திருத்தியதும் ‘நிலைக்கு வந்துவிட்டது’ என்றேன். தேருக்குச் சொல்வதுதான். ‘தாங்கி’ இப்படி வினைகளைக் கூட்டிக்கொண்டு வருமா?

> வெப்பநிலை, சூழ்நிலை போல ‘வில்லைநிலை’யும் வில்லையின் தன்மையைத்தானே குறிக்கும்?

இதை எழுதிய அம்மையாரிடம் தோற்றுவிட்டேன். ‘வில்லைநிலை நன்று’ என்றால், வில்லையில் கீறலோ பூஞ்சையோ இல்லை என்றுதான் எவரும் கொள்வார். ‘முன்நிலை’யும் உதவாது, புணர்ந்தால் ‘முன்னிலை’ ஆகி, நீ, நீங்கள் என்று இலக்கண வகுப்புக்குப் போய்விடும்.

எனவே என் முன்மொழிவைத் திருத்துகிறேன். உறுப்பு முழுவதும் நிலைச்சட்டம். முதல்முறை வரும்போது ‘முன் நிலைச்சட்டம்’, ‘பின் நிலைச்சட்டம்’ என்று இடம்விட்டு எழுதுவோம். அதன்பின் முன்சட்டம், பின்சட்டம் போதும். பக்கக் கைகள் நிலைக்கால்கள். நிலைச்சட்டம் என்றால் நாடாளுமன்றம் இயற்றியது போல் ஒலிக்கிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார். சன்னல் சட்டத்தை யாரும் மசோதா என்று நினைத்ததில்லை.

துருத்தி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். காற்று ஊதவில்லை என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை.

நீள்துளையைக் ‘காடி’ எனலாம் என்றவருக்கு: காடி பலகையின் பாதி ஆழத்தில் நின்றுவிடும். இது மறுபுறம் வரை ஊடுருவுகிறது. நீள்துளையே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிப்புத் திருகின் உருண்டைத் தலையில், விரல் வழுக்காதிருக்கக் குறுக்கும் மறுக்குமாக நெருக்கி வெட்டியிருக்கிறார்களே, அந்த வேலைப்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது? ‘சொரசொரப்பு’ என்றால் தேய்ந்த அரத்துக்கும் அதுதான் பெயர். கடைசல் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.