புதுப்பிப்பு: 1986 ஸ்கை படகின் தளத்தைப் பெயர்த்துப் பார்த்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: மிச்சிகனில் 3,500 டாலருக்கு வாங்கிய பழைய ஸ்கை படகின் (தண்ணீரில் சறுக்குபவரை இழுத்துச் செல்லும் படகு) தளம் ஒரு மூலையில் மெத்தென்று அமுங்குகிறது, பட்டறைக்காரர் தளம் மாற்ற 2,800 டாலர் சொல்கிறார், கொடுக்கலாமா என்று. முதலில் திறந்து பாருங்கள் என்றீர்கள். திறந்தோம்.

அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு மரச் சட்டங்களும், அதாவது ஸ்ட்ரிங்கர்கள், இற்றுப்போய்விட்டன. மேலே ஃபைபர் கிளாஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட் துளைகள் வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல இடத்தில் 'டக்', இற்ற இடத்தில் 'பொத்'. இன்ஜினையும், சறுக்குபவரை இழுக்கும் கம்பத்தையும் தாங்குவது இந்தச் சட்டங்கள்தான். தளத்தை மட்டும் மாற்றியிருந்தால் 2,800 வீண்.

அடுத்தது தகராறு. சட்டங்களையும் சேர்த்து முழு வேலைக்கு 9,000 கேட்ட பட்டறைக்காரர், திறந்து பார்த்த கூலி 1,400 தனி என்றார். எழுதித் தந்த தாளில் திறப்பதும் சேர்த்திதான். காட்டினேன், 600-க்கு இறங்கினார். தளத்துக்கு அடியில் அடைத்திருந்த, தண்ணீரில் ஊறிய நுரையை (ஃபோம்) வெட்டி எடுக்க இரண்டு நாள் உழைத்திருக்கிறார், அதனால் கொடுத்துவிட்டேன்.

9,000 முடியாது. வி8 இன்ஜினின் எட்டு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருப்பதால் படகைக் கைவிடவும் மனசில்லை. டக்ளஸ் ஃபிர் மரப் பலகையும் எபாக்சி பசையும் வாங்கி நானே செய்கிறேன். பொருளுக்குச் சுமார் 2,000. ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுவேன், இல்லையென்றால் அடிப்பாகம் கோணிவிடும். முதல் பக்கம் முடிந்ததும் படம் போடுகிறேன்.