ஹைலக்ஸ் கெப், ஏ340ஈ ஓட்டோ கியர்: மூண்டாவதுக்கு மாறேக்க வழுக்குது. ஷிஃப்ட் கிட் போட்டாக் காணுமோ?

உவர்மலை_கெப் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். இடம் திருகோணமலை. என்னட்ட எண்பதுகளில வந்த ஹைலக்ஸ் சிங்கிள் கெப் ஒண்டு இருக்கு. முந்தி கொட்பேயில இருந்து ஐஸும் மீனும் ஏத்தின வண்டி, உப்புத்தண்ணி தின்டு பின் தட்டு முழுக்கப் புதுத் தகடு அடிச்சது. பழைய டீசல் எஞ்சினைக் கழட்டிப்போட்டு மார்க் 2 ஒண்டின்ர 1ஜேஇசட்-ஜிஈ போட்டிருக்கு. டேர்போ இல்லை, விவிடிஐயும் இல்லை, பழைய 180 குதிரைவலு எஞ்சின். அதோட வந்த ஏ340ஈ ஓட்டோ கியர் பொக்ஸும் அப்பிடியே ஏத்தினது. பின் டிஃப் (பின் அக்சில் கியர்) விகிதம் 4.1, டயர் 205/70 14.

ஆசை என்னெண்டா கட்டுக்குருந்த ஓடுபாதையில ஒருக்கா 402 மீட்டர் (கால் மைல்) ரேஸ் ஓடிப் பாக்கிறது. ஓடுற அளவுக்குப் பெட்டி நல்லா இல்லை. முழுசா மிதிச்சா ஒண்டில இருந்து ரெண்டு ஒழுங்கா விழுது. ரெண்டில இருந்து மூண்டுக்கு மாறேக்க எஞ்சின் சும்மா கத்தி ஏறுது, பிறகுதான் பிடிக்குது. காலமையில ரிவேர்ஸ் போட்டாலும் கொஞ்சம் யோசிச்சுத்தான் நகருது. டிப்ஸ்டிக்கில ஒயில் மண்ணிறம், மணம் கருகின மணம்.

இங்க ஒருத்தர் ஷிஃப்ட் கிட் (கியர் மாறுறதை இறுக்கமாக்கிற ஸ்பிரிங், வால்வுச் சாமான்) போட்டா எல்லாம் சரிவரும் எண்டுறார். மனுவலுக்கு மாத்தச் சொல்லாதேங்கோ. கிழமை நாளில அப்பாவும் இதைத்தான் ஓடுறவர், அவருக்கு இடது முழங்கால் மடியாது.

நிலாவெளி_மச்சான் எழுதினது:

மச்சான், நீ சொல்லாதே எண்டாலும் சொல்லத்தான் போறன்: மனுவல் போடு. அப்பாவுக்கு ஒரு ஓட்டோ ஸ்கூட்டி எடுத்துக் குடு. 😄

ஒண்டு மட்டும் சீரியஸா. நீ இதை இரவில நிலாவெளி ரோட்டில ஓடிப் பாக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன். அந்த ரோட்டில மாடு எந்த நேரமும் படுத்திருக்கும். வேண்டாம்.

கிண்ணியா_கியர் எழுதினது:

தம்பி, ஷிஃப்ட் கிட்ட ஒரு பக்கம் வெச்சிட்டு முதல்ல உங்கட ரிவேர்ஸப் பத்திக் கதைப்பம். நீங்க போற போக்கில சொன்ன அந்த ஒரு வரியிலதான் விசயம் இருக்கு.

ஏ340ஈக்குள்ள மூணு கிளச், நாலு பிரேக், மூணு ஒருவழிக் கிளச். சி0, சி1, சி2 எண்டு கிளச்சுக்குப் பேர், பி0 தொடக்கம் பி3 வரைக்கும் பிரேக். ரெண்டாவது கியர்ல போகக்குள்ள சி0, சி1, பி2 ஏற்கெனவே பிடிச்சிருக்கு. மூணாவதுக்கு மாறக்குள்ள புதுசா வந்து பிடிக்கிறது சி2 மட்டும்தான். ரிவேர்ஸ் எடுத்தா அதே சி2 பிடிக்கும், அதோட பி3. மூணாவதும் வழுக்குது, ரிவேர்ஸும் சுணங்குது எண்டா ரெண்டுக்கும் பொதுவான ஆள் யாரு? சி2. மூணாவது நல்லா இருந்து ரிவேர்ஸ் மட்டும் வழுக்கினா பி3யத்தான் சந்தேகப்படுவன். ஒண்டும் ரெண்டும் சுத்தமா விழுகுதெண்டா சி1, பி2 உசிரோட இருக்கு. பெட்டியக் கழட்டாமலே இவ்வளவும் சொல்லலாம்.

அடுத்தது, அந்த சி2 ஏன் போச்சு? திரொட்டில் பொடியில இருந்து கியர் பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகுது பாருங்க. எல்லாரும் கிக்டவுன் கேபிள் எண்டு சொல்லிட்டு விட்டுருவாங்க. இந்தப் பெட்டியில கியர மாத்துறது கம்பியூட்டர். ஆனா கிளச்சுகள எவ்வளவு இறுக்கமா அமத்துறது எண்ட லைன் பிரஷர் அந்தக் கேபிள்லதான் கிடக்கு. கேபிள் தொய்ஞ்சிருந்தா நீங்க முழுசா மிதிக்கக்குள்ளயும் பெட்டி என்னமோ கோயில் வீதியில ஊருறீங்க எண்டு நினைச்சுக் குறைஞ்ச பிரஷர்லயே கிளச்சப் பிடிக்கும். எஞ்சின் மாத்தின வண்டியில பிராக்கெட் சரியா இருக்காது, இதான் வழமையா நடக்கிறது.

எஞ்சின நிப்பாட்டிட்டு ஒருத்தர பெடலத் தரையோட மிதிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. ரப்பர் பூட்டின்ட முனைக்கும் கேபிள்ல நசுக்கி வெச்சிருக்கிற ஸ்டொப்பருக்கும் இடையில 0 தொடக்கம் 1 மில்லிமீட்டர். அவ்வளவுதான் இடைவெளி. அளந்து எழுதுங்க.

மறுகா ஒயில் சட்டியக் கழட்டிப் பாருங்க. காந்தத்தில சாம்பல் நிறத்தில பசை மாதிரி மெல்லிசா இருந்தா அது வழமை. கறுப்புத் தூள் கனக்க, இல்லாட்டி மினுங்குற தகட்டுத் துண்டு இருந்தா பெட்டி இறங்கணும். அது வரைக்கும் முழுசா மிதிக்க வேணாம். இப்ப ஷிஃப்ட் கிட் போட்டா நடக்கிறது: தேஞ்ச கிளச்ச இன்னும் வேகமா வந்து அமத்தும், ரெண்டு கிழமை நல்லா இருக்கும், பிறகு ரிவேர்ஸே இருக்காது.

உவர்மலை_கெப் எழுதினது:

நானா, கேபிளைப் பாத்தன். ஒரு மில்லிமீட்டராம்! என்ர சுண்டுவிரல் நுழையுது. எஞ்சின் ஏத்தின கராஜில பிராக்கெட்டை வளைச்சு ஒரு கேபிள் டையால கட்டி விட்டிருக்கினம்.

சட்டியில கறுப்புத் தூள், கோப்பிச் சக்கை மாதிரி. பெட்டியை இறக்கியாச்சு, சி2 டிரம்மையும் திறந்தாச்சு. ஃபிரிக்ஷன் பிளேட்டில கடதாசி எண்டு ஒண்டும் மிச்சமில்லை. ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ஞ்சு கிடக்கு. பிஸ்டன் சீலை நகத்தால அமத்தினா அமரேல்லை, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போச்சு.

இனி எப்பிடியும் பிரிச்சாச்சு, அப்ப ஓட்டத்துக்கு ஏத்த மாதிரிக் கட்டுவம். மூண்டு கேள்வி. சி2க்குள்ள ஒரு பிளேட் கூட்டலாமோ? கொன்வேட்டர் (எஞ்சின்ர இழுவையை ஒயிலால பெட்டிக்குக் கடத்திற சாமான்) மாத்த வேணுமோ? டிஃப் மார்க் 2இன்ர இல்லை, அதால கம்பியூட்டர் பிழையான நேரத்தில கியர் மாத்துமோ?

கிண்ணியா_கியர் எழுதினது:

கடைசிக் கேள்விக்கு முதல்ல. மாத்தாது. ஸ்பீட் சென்சர் இருக்கிறது கியர் பொக்ஸின்ட வெளி ஷாஃப்ட்ல, டிஃப்புக்கு முன்னால. அதால எஞ்சின் எந்த ஆர்பிஎம்ல கியர் மாத்துமோ அதுல வித்தியாசம் வராது. மீட்டர் காட்டுற வேகம்தான் பொய்.

பிளேட்: ஸ்டீலத் தடிப்புக் குறைச்சா ஒண்டு கூட்டலாம், செய்யிற ஆக்கள் இருக்காங்க. 180 குதிரைக்கு நான் செய்யமாட்டன். மெல்லிசு ஸ்டீல் சூட்ட வாங்காது, சீக்கிரமே நீலம் பாயும். ஒரிஜினல் கணக்குக்கே நல்ல ஃபிரிக்ஷன், புது ஸ்டீல், புது சீல். பிரஷர் சரியா இருந்தா அது காணும். டேர்போ போடுற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லுங்க, அது வேற கதை.

ஷிஃப்ட் இறுக்கம் வேணுமெண்டா கை வைக்க வேண்டிய இடம் அக்கியுமுலேட்டர். கிளச் பிடிக்கிற நேரம் வாற பிரஷர்ல கொஞ்சத்த அந்தப் பிஸ்டன் வாங்கி வெச்சுக்கிட்டு, கிளச்ச மெதுவா வழுக்கவிட்டுப் பிடிக்க வைக்கும். வீட்டுக் காருக்கு அதுதான் சொகுசு. சி2 அக்கியுமுலேட்டர் ஸ்பிரிங்க ஒரு படி இறுக்கமானதாப் போடுங்க, வழுக்குற நேரம் குறையும். முழுசா அடைச்சு விட வேணாம். ஒவ்வொரு கியருக்கும் கழுத்து முறியுற மாதிரி அடிச்சா பாக்கிறவங்களுக்கு வேகமாத் தெரியும், கடிகாரம் அதக் கணக்கெடுக்காது. புரப்பெல்லர் ஷாஃப்ட் குரோஸ் (மூட்டு) தான் கணக்கெடுக்கும்.

இப்ப கொன்வேட்டர். நேரம் கிடக்கிறது இங்கதான், அதனால கொஞ்சம் கணக்குப் போடுவம். ஒண்டாவது விகிதம் 2.804, ரெண்டாவது 1.531, மூணாவது நேர் 1. உங்கட டயர் ஒரு சுத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும். 4.1 டிஃப்போட 6000 ஆர்பிஎம்ல ஒண்டாவது 62 கிலோமீட்டர் வேகத்தில முடியும், ரெண்டாவது 115க்கிட்ட. ஆக 402 மீட்டர் முடியுறது மூணாவதில, ஓவர்டிரைவ் (நாலாவது) தேவையே இல்ல, ஸ்விட்ச ஓஃப் பண்ணி வைங்க.

சிக்கல் ஒண்டுக்கும் ரெண்டுக்கும் இடையில. 6000ல மாத்தினா எஞ்சின் 3275க்கு விழும். உங்கட எஞ்சினுக்கு உச்ச இழுவை 4800ல. அவ்வளவு கீழ விழுந்தா அது திரும்ப மூச்சு வாங்கி ஏறுற வரைக்கும் வண்டி சும்மா கிடக்கும். ஸ்டோல் (பிரேக்கப் பிடிச்சு முழுசா மிதிச்சா எஞ்சின் ஏறி நிக்கிற ஆர்பிஎம்) கூடின கொன்வேட்டர், ஒரு 3000 அளவில, போட்டா ரெண்டு வேலை நடக்கும். நிண்ட இடத்தில இருந்து கிளம்பக்குள்ள எஞ்சின் இழுவை இருக்கிற இடத்துக்கு உடன ஏறும். கியர் மாறக்குள்ளயும் கொன்வேட்டர் கொஞ்சம் நழுவிக் குடுக்கிறதால அந்தப் பள்ளத்துக்கு முழுசா விழாது. நழுவல் எண்டா எல்லாம் ஒண்டில்ல தம்பி. கொன்வேட்டருக்குள்ள நழுவினா ஒயில் சூடாகும், ஆனா நிண்ட இடத்தில எஞ்சின்ட இழுவைய ஏறத்தாழ ரெண்டு மடங்காக்கிக் குடுக்கும். கிளச்சுக்குள்ள நழுவினா பிளேட் கருகும், பதிலுக்கு ஒண்டும் வராது. முந்தினதுக்குக் காசு செலவழிங்க, பிந்தினத ஒழிங்க.

4000 எண்டு ஆரும் ஆசை காட்டினா வாங்காதீங்க. வாப்பா டவுனுக்கு ஓடுற வண்டி, கந்தளாய் வரைக்கும் போறதுக்குள்ள ஒயில் கொதிச்சிரும்.

டொக்யாட்_ரோட் எழுதினது:

நானா சொன்னதுக்கு மேல கியரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒண்டுமில்லை. சூட்டைப் பற்றி மட்டும். ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலரை நம்பாதேங்கோ, அதுவும் மீன் வண்டி ரேடியேட்டர் எண்டா. உள்ளுக்கு ஓட்டை விழுந்தா தண்ணியும் ஒயிலும் கலந்து பால் விட்ட ரோஸ் நிறத்தில வரும், புது ஃபிரிக்ஷன் பிளேட்டின்ர கடதாசி ஊறிக் கழண்டு போகும். முன்னால தனிக் கூலர் ஒண்டு வையுங்கோ. இங்க கடல் காத்துக்கு இரும்பு லைன் நிக்காது, வண்டிக்குக் கீழால போற துண்டைத் தடவிப் பாருங்கோ, பொருக்கு வந்தா மாத்துங்கோ.

மற்றது, வெறும் கெப்புக்குப் பின்னால பாரமே இல்லை. கொன்வேட்டர் சரிவந்தாப் பிறகு உங்கட அடுத்த பிரச்சினை சில்லு சுத்துறதுதான். இடது காலால பிரேக்கைப் பிடிச்சு எஞ்சினை ஏத்தேக்க லீஃப் ஸ்பிரிங் எஸ் மாதிரி முறுகி அக்சில் துள்ளும். டயருக்குக் காத்தைக் கொஞ்சம் குறைச்சு, ஸ்பிரிங்குக்கு ஒரு டிராக்ஷன் பார் (முறுகாமத் தடுக்கிற கம்பி) போட்டுப் பாருங்கோ. மணல் மூட்டை போடுற யோசனை வேண்டாம், பாரம் எண்டாலே நேரம். ஓடுபாதையில அது கழண்டு விழுந்தா உங்களை உள்ளுக்கே விடமாட்டினம்.

உவர்மலை_கெப் எழுதினது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கொன்வேட்டரைக் கொழும்பில வெட்டி, ஸ்டோல் கூட்டி, பலன்ஸ் பண்ணித் தாற இடம் ஒண்டு கிடைச்சிருக்கு. ஃபிரிக்ஷன், சீல் கிட் பஞ்சிகாவத்தையில எடுக்கப் போறன். பொருத்தேக்க கவனிக்க வேண்டியது என்ன நானா? இதை நானே கட்டப் போறன், அண்டைக்குக் கிண்ணியாவில இருந்து நீங்க வந்தா இன்னும் சந்தோசம்.

கிண்ணியா_கியர் எழுதினது:

வரலாம், பாலம் இருக்குத்தானே. முந்தி மாதிரி பாதைக்கு (ஃபெரிக்கு) காவல் நிக்கத் தேவையில்ல. மதியத்துக்கு நண்டு எண்டா நிச்சயம் வாறன்.

அது வரைக்கும்: ஃபிரிக்ஷன் பிளேட்டுகள முதல் நாள் இரவே புது ஒயில்ல ஊறப் போடுங்க. காய்ஞ்ச பிளேட்டக் கட்டினா முதல் மிதியிலயே கருகும். தகட்டு வளையம், பெயரிங் எல்லாம் இடத்தில நிக்கிறதுக்கு வாசலின் பூசுங்க, கிரீஸ் கிட்டயும் வேணாம். வாசலின் ஒயில்ல கரையும், கிரீஸ் போய் ஃபில்டர அடைக்கும்.

டிரம்மக் கட்டினதும் மூடிராதீங்க. கொம்பிரசர் காத்த சி2 துவாரத்துக்கு அடிச்சுப் பாருங்க. "டொப்" எண்டு ஒரே சத்தத்தில பிளேட் அமரணும், காத்த எடுத்தா திரும்பணும். "ஸ்ஸ்ஸ்" எண்டு நீளமா இழுத்தா சீல் உதடு மடிஞ்சிருக்கு, கழட்டித் திரும்பப் போடுங்க. அந்த உதடு எண்ணெயில்லாமப் போனா கண்ணுக்குத் தெரியாமலே மடியும். சி0வையும் பிரிச்சுப் பாருங்க, குறைஞ்ச பிரஷர்ல ஓடின பெட்டியில அது மட்டும் தப்பியிருக்கும் எண்டு நான் நம்பமாட்டன்.

கொன்வேட்டரப் பெட்டியில ஏத்தக்குள்ள சுத்திச் சுத்தித் தள்ளுங்க, படி படியா உள்ள விழும். பம்புக் காதுல உக்காராம வெளிய நிக்கக்குள்ளயே எஞ்சினோட போல்ட் பண்ணி இறுக்கினா பம்ப் அண்டைக்கே உடையும். பெட்டி எஞ்சினோட கையாலயே சேரணும், போல்ட்டால இழுத்துச் சேர்க்கக் கூடாது.

பழைய கூலர் லைனுக்குள்ள கருகின தூள் இன்னும் கிடக்கும், ரெண்டு பக்கத்தாலயும் கழுவி ஊதுங்க. கூலரப் புதுசாவே எடுங்க. ஒயில் டெக்ஸ்ரன் 3. மட்டம் பாக்கிறது எஞ்சின் ஓடக்குள்ள, சூட்டில, லீவர எல்லாக் கியருக்கும் ஒருக்காக் கொண்டுபோய்ட்டு வந்து.

ஸ்டோல் டெஸ்ட் செஞ்சா 5 செக்கனுக்கு மேல பிடிக்காதீங்க, மறுகா நியூட்ரல்ல விட்டு ஆற விடுங்க. அந்தக் கேபிள் பிராக்கெட்டுக்கு 3 மில்லிமீட்டர் தகட்டில ஒண்டு வெட்டி வெல்ட் பண்ணி வைங்க. நான் வாற நாள் முதல்ல அதத்தான் அளப்பன்.