குமாரமங்கலம் டாக்டர் சுப்பராயன்: தம்பிக்கு ஒரு பதில்

சங்கத்துச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் மஸ்கட் தம்பி ஒரு மடல் போட்டிருந்தார். பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு வைக்கிற பேச்சுப் போட்டித் தலைப்பில், அந்தக் காலத்துச் சென்னை மாகாண முதல் மந்திரி டாக்டர் சுப்பராயன் பெயர் எதற்கு, பதவி இருந்த பக்கமெல்லாம் போனவர்தானே என்று கேட்டிருந்தார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் அடங்குகிற மனிதர் இல்லை அவர் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு அவர் மகன் பெயர்தான் பழக்கம். சேலம் ஜி.ஹெச். பக்கம் போனால் மருத்துவக் கல்லூரிப் பலகையில் மோகன் குமாரமங்கலம் இருக்கிறார். பேரன் ரங்கராஜன் நம் சேலம் தொகுதி எம்.பி.யாக இருந்தவர். சுப்பராயன் அவர்களுக்கெல்லாம் முந்தியவர். 1889இல் பிறந்தார், குமாரமங்கலம் ஜமீன் வாரிசு. ஊர் திருச்செங்கோடு பக்கம். இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம் என்றாலும் 1997 வரை சேலம்தானே, அதனால் நம்மவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 இடம் பிடித்தது, ஆனால் பதவி ஏற்க மாட்டோம் என்றது. நீதிக்கட்சிக்குக் கிடைத்தது 21. கவர்னர் கோஷன் எந்தக் கட்சியிலும் சேராத சுப்பராயனைக் கூப்பிட்டார். 37 வயதில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். கவர்னர் தயவில் நடந்த ஆட்சி என்று அப்போதே பேசினார்கள், அதில் உண்மை உண்டு. இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய பிரிட்டன் அனுப்பிய, இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் கமிஷனை நாடே புறக்கணித்தபோது இவர் ஒத்துழைத்தார். அவருடைய இரண்டு மந்திரிகளும் அதற்காக ராஜினாமா செய்தார்கள். அந்த விஷயத்தில் அவர் செய்தது சரியில்லை என்பதுதான் என் எண்ணமும்.

ஆனால் அதே ஆட்சியில்தான், ராஜினாமா செய்தவர்களின் இடத்துக்கு வந்த முத்தையா முதலியார், சர்க்கார் வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. நம் வீடுகளில் முதன்முதலாகச் சர்க்கார் வேலைக்குப் போன தாத்தாக்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள், தம்பி.

எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது மொழி விஷயத்தில். பிற்பாடு காங்கிரசில் சேர்ந்து, 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் பார்த்தார். ராஜாஜியும் நம் சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, நகராட்சித் தலைவராக இருந்தவர்தான். 1938இல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது கல்வி இலாகா சுப்பராயன் கையில் இருந்தது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939இல் இறந்தார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை நான் விடுவிக்க மாட்டேன்.

அதே மனிதர் 1955இல் பி.ஜி. கேர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினர். 1956 ஜூலையில் வந்த அறிக்கை, ஆங்கிலத்தை விலக்கி இந்தியைக் கொண்டுவர வழி சொன்னது. அப்போது மாற்றுக் கருத்தை எழுத்தில் பதிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வங்கத்து மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி. இன்னொருவர் நம் சுப்பராயன். ஆளும் கட்சிக்காரர், மாநிலங்களவை உறுப்பினர். பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். பதவிக்காகவே நடந்தவர் என்றால், அந்த இடத்தில் எதற்கு எழுதினார்?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுதலை வந்த சமயம் ஓமந்தூரார் மந்திரிசபையில் உள்துறை. அப்புறம் இந்தோனேசியாவில் தூதர். 1957இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை, 1959இல் மத்திய மந்திரி. 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர கவர்னராகி, அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு தகவல்: விடுதலைக்கு முன்னே பல வருஷம் இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவரும் இவரே.

வீட்டம்மா ராதாபாயைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மங்களூர்க்காரர், வேறு சாதி. 1912இல் நடந்த கல்யாணம் அது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார், 1938இல் மத்திய மேலவையின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தளபதி, ஒருவர் நெய்வேலி நிறுவனத் தலைவர். மோகனும் பார்வதியும் கம்யூனிஸ்டுகள். காங்கிரஸ் மந்திரியின் வீட்டில் அது எத்தனை பெரிய விஷயம்!

தலைப்பை மாற்ற வேண்டாம் என்று செயலாளர் அண்ணாவைக் கேட்டுக்கொள்கிறேன். 1938, 1956 இரண்டையும் பிள்ளைகள் சேர்த்தே பேசட்டும். அந்த மாற்றுக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரலாம் என்றிருக்கிறேன். சட்டம் படித்தவர்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்தால் நல்லது. தம்பி, நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
அம்மாபேட்டை அக்கா, டொராண்டோ