ஈர்ப்புதவியா, கவண்வீச்சா?

நண்பர்களே,
ஜூஸ் விண்கலம் பற்றி வகுப்புக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. (‘ஜூஸ்’ என்று பலகையில் எழுதினாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள்; அது தனித் தலைவலி.) 2023 ஏப்ரலில் கிளம்பிய கலம், 2031 ஜூலையில்தான் வியாழனைச் சேரும். நேரே போக எரிபொருள் கட்டுப்படியாகாது. அதனால் நிலா, பூமி, வெள்ளி என்று ஒவ்வொன்றையும் உரசாத குறையாகக் கடந்து, அவற்றின் ஈர்ப்பில் பாதையை வளைத்துக்கொள்கிறது. இந்த ‘கிராவிட்டி அசிஸ்ட்’டுக்கு ‘ஈர்ப்பு உந்துதல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– க.

ஐயா, உந்துதல் வேண்டவே வேண்டாம். 2024 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். நிலா வினாடிக்கு 0.9 கி.மீ. வேகம் கொடுத்தது, அடுத்த நாளே பூமி 4.8 கி.மீ. பிடுங்கிக்கொண்டது. இரண்டுமே சூரியனை வைத்துச் சொல்லும் கணக்கு. வெள்ளியை நோக்கி உள்ளே இறங்க வேகம் குறைந்தாக வேண்டும், திட்டமே அதுதான். ஓடும் கோளுக்குப் பின்பக்கமாகக் கடந்தால் வேகம் ஏறும், முன்பக்கமாகக் கடந்தால் இறங்கும். பிரேக் பிடித்ததைப் போய் உந்துதல் என்பதா? ‘ஈர்ப்புதவி’ போதும்.
– மு.

உதவி, ஒத்தாசை எல்லாம் ஆங்கிலத்தின் நிழல். நம்மிடம் கவண் இருக்கிறதே! தினைப்புனத்தில் கவண்கல் பறந்தது சங்கப் பாட்டிலேயே உண்டு. ‘கவண்வீச்சு’ என்றால் வளைவும் வேகமும் ஒரே சொல்லில் வந்துவிடும். கவை, கவடு, கவட்டை, கவண் எல்லாம் பிளவைக் குறிக்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் கணிப்பு. வரும் பாதையும் போகும் பாதையும் கவைபோல் பிரிவதை...
– செ.

செ. ஐயா, கவட்டையில் ரப்பரை இழுத்து விடுவோம். கவணைத் தலைக்குமேல் சுழற்றி எறிவோம். இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகளுக்குக் கவட்டைதான் தெரியும், படத்தில் அதைத்தான் வரைவார்கள். அப்புறம், கல்லின் வேகத்தைக் குறைக்கும் கவணை யார் பார்த்தது?
– மு.

இன்னொன்று. ‘ஈர்ப்புதவி’யை என் மகளிடம் காட்டினேன். “ஈர்ப்பு... தவி... யார் தவிக்கிறாங்க?” என்றாள். பிரித்தே எழுதுங்களேன்.
– தே.

அம்மா, குற்றியலுகரத்தின்முன் உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும். நன்னூலைப் பிள்ளைக்காக மாற்ற முடியாது.
– செ.

இதுவரை ஈர்ப்பு உதவிக்கு ஐந்து பேர், கவணுக்கு இரண்டு பேர். ‘ஈர்ப்பு உதவி’ என்று பிரித்தே போட்டு, கவணை ஓர் உவமையாக மட்டும் ஒரு வரியில் சேர்த்துவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. 2026 செப்டம்பரிலும் 2029 ஜனவரியிலும் கலம் மறுபடி பூமியைக் கடக்கத் திட்டம் இருக்கிறது, கையேட்டை அப்போது புதுப்பிக்கலாம்.
– க.

உவமைக்கு நன்றி. பிரித்து எழுதியது பிழை. 2026 பதிப்பில் திருத்தவும்.
– செ.