பொருள்: ‘ஃபர்கிவிங் ரோடு’ தமிழில் எப்படி? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக வேலைக்குச் சேரும் இளநிலைப் பொறியாளர்களுக்கும் ஊராட்சிச் சாலை மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சேஃப் சிஸ்டம்’, ‘ஃபர்கிவிங் ரோடு’ என்ற இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கருத்து இதுதான். மனிதர்கள் தவறு செய்வார்கள். கண் அசரும், கவனம் சிதறும். அதற்கு உயிரை விலையாகக் கேட்கக் கூடாது. சாலை, வேகம், வண்டி, அடிபட்டபின் கிடைக்கும் சிகிச்சை என்று ஒன்று கைவிட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்படி எல்லாவற்றையும் சேர்த்து வடிவமைக்க வேண்டும். இந்த மொத்த ஏற்பாடு ‘சேஃப் சிஸ்டம்’, அதில் சாலையின் பங்கு ‘ஃபர்கிவிங் ரோடு’. 1990-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் வளர்ந்த சிந்தனை. 1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் இதே வழியில் ஒரு கொள்கையை ஏற்றது. 2030-க்குள் சாலைச் சாவுகளைப் பாதியாக்கும் ஐ.நா. செயல்திட்டத்துக்கும் இதுவே அடித்தளம். 2021-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் செத்திருக்கிறார்கள். 2022-இல் இந்தியாவில் மட்டும் 1,68,491 பேர்.

இப்போதைக்கு ‘பாதுகாப்பான அமைப்பு’, ‘மன்னிக்கும் சாலை’ என்று போட்டு வைத்திருக்கிறேன். முதலாவது ஏதோ சங்கத்தின் பெயர் போல ஒலிக்கிறது. இரண்டாவது, ஓட்டியவனைக் குற்றவாளியாக்கிவிட்டுப் பிறகு மன்னிக்கிறது. உதவுங்கள்.

அன்புடன்,
ம., திருச்சி

—

அன்புள்ள ம. அவர்களுக்கு,

‘பாதுகாப்பு’ என்று நீட்டுவானேன்? ‘ஏமம்’ இருக்கிறதே. ‘பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்’ என்று நாட்டுக்கு அணியாக வள்ளுவர் எண்ணிய ஐந்தில் ஒன்று. ‘ஏம முறைமை’ என்று வையுங்கள். இரண்டே சொல், முழுத் தமிழ். புரியாது என்பார்கள். ‘பேருந்து’ என்று முதலில் எழுதியபோது யாருக்குப் புரிந்தது?

இரண்டாவதற்கு ‘தாங்குசாலை’. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்பதில் தொடங்குகிறதே பொறையுடைமை. தன்னைத் தோண்டுகிறவனையும் விழாமல் தாங்குகிற நிலம். நீங்கள் சொல்லும் சாலையும் அதுதான்.

பு., கும்பகோணம்

—

ஐயா, வணக்கம். 31 ஆண்டு சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ‘தாங்கு’ என்றால் எங்கள் ஆட்களுக்குப் பாரம்தான் நினைவுக்கு வரும். தாங்குசுவர் என்பது மண்ணைத் தாங்கும் சுவர். ‘தாங்குசாலை’ என்று எழுதினால் பத்துச் சக்கர லாரி போகலாம் போல என்று நினைப்பார்கள்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பாருங்கள். சுவீடனில் 13 மீட்டர் அகலச் சாலைகள் நிறைய இருந்தன. நேருக்கு நேர் மோதிச் செத்தார்கள். அவர்கள் சாலையை அகலப்படுத்தவில்லை. மூன்று தடமாகக் கோடு போட்டு, நடுவே எஃகுக் கம்பிவடத்தை இழுத்துக் கட்டினார்கள். சிறிது தூரத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு தடம், அப்புறம் அந்தப் பக்கம் இரண்டு தடம். அந்தச் சாலைகளில் சாவு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. ஓட்டுநர்கள் திருந்திவிடவில்லை. முன்போலவே கண் அசந்தார்கள். வண்டி கம்பிவடத்தில் உரசி நின்றது.

இனி நம் பக்கம். எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் டபிள்யூ பீம் தடுப்பு ஒன்று, அதாவது W வடிவில் மடித்த எஃகுத் தகட்டை ஓரத்தில் நீளமாகப் பொருத்திய தடுப்பு. அதன் முனையைத் தரையில் இறக்கிப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் மோதும் வேகத்தை வாங்கிக்கொள்ளும் முனையைப் பொருத்த வேண்டும். இரண்டும் செய்யவில்லை. மீன்வால் போல விரிந்த தகடு வருகிற வண்டியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் ஒரு கார். தகடு முன்கண்ணாடி வழியே புகுந்து பின்னிருக்கையில் கிடந்த குழந்தையின் புத்தகப் பை வரை வந்திருந்தது. பையின் வார் அதில் மாட்டிக்கொண்டு தொங்கியதைப் பார்த்தேன். ‘ஓட்டுநர் தூங்கிவிட்டார்’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். முனையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை எழுத வைக்கிற சொல் எனக்கு வேண்டும்.

இரா., சேலம்

—

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்குச் ‘சாலை’ என்றால் பஸ் டிப்போ. ரோட்டை ‘வீதி’ என்றுதான் எழுதுவோம். ஆகையால் எந்தச் சொல்லை எடுத்தாலும் முன்பாதி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும். பின்பாதியை அவரவர் மாற்றிக்கொள்ளலாம்.

‘சிஸ்டம்’ என்பதற்கு எங்கள் பாடநூல்களில் ‘தொகுதி’. நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி. ‘பாதுகாப்பான தொகுதி’ சரிவராதா?

சி.

—

சி., தமிழ்நாட்டில் ‘பாதுகாப்பான தொகுதி’ என்றால் வேட்பாளர் எளிதில் வெல்லும் இடம் என்றுதான் படிப்பார்கள். தேர்தல் பக்கத்துக்குப் போய்விடும்.

பாலிடெக்னிக்கில் கட்டடவியல் நடத்துகிறேன். நேற்று வந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ‘ஏம முறைமை’க்கு ஒரு கையும் உயரவில்லை. ஏமாற்றுகிற முறையா என்று ஒருவன் கேட்டான். உண்மையாகவே கேட்டான், பு. ஐயா வருந்த வேண்டாம். அப்புறம் ‘பிழை பொறுக்கும் சாலை’ என்று எழுதினேன். பின்வரிசை மாணவி ஒருத்தி, “தப்புப் பண்ணினாலும் பிழைக்க வைக்கிற ரோடு, அதானே சார்?” என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ‘பிழைத்தான்’ என்றால் தவறு செய்தான்; ‘பிழைத்தான்’ என்றால் உயிர் தப்பினான். இரண்டுக்கும் ஒரே வினை. இலக்கை விட்டு அம்பு விலகினால் அது எய்தவனின் பிழை. அந்த விலகலாலேயே மான் பிழைத்தது. ஜெர்மானியர் ‘ஃபேலர்ஃபெர்ட்சையெண்ட’ என்கிறார்கள், பிழையை மன்னிக்கிற என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் ‘மன்னிக்கும் சாலை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நெதர்லாந்துக்காரர்கள் மொத்தக் கொள்கைக்கே ‘நீடித்த பாதுகாப்பு’ என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். சுவீடனில் சாவைச் சுழியமாக்க வேண்டும் என்ற பொருளில் ‘சுழியப் பார்வை’. கருத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், பெயரை அவரவர் மொழியில் வைத்துக்கொண்டார்கள். தவறும் தப்பிப் பிழைத்தலும் ஒரே சொல்லில் இருக்கும்போது நாம் அதை விடலாமா?

வே., கோவை

—

வே. அவர்களுக்கு: அம்பும் மானும் அழகு. ஆனால் ‘பொறுக்கும்’ என்று பெயரெச்சமாக இழுத்தால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. ‘பிழைபொறு சாலை’ என்று வினைத்தொகையாக்குங்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ‘பொறுச்சாலை’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். உயிர் தப்புவதுதான் முதன்மை என்றால் ‘உய்’ இருக்கிறது. ‘எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்’ என்ற குறளில் பிழைத்தல் தவறு, உய்தல் தப்புதல் என்று இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. ஒரே சொல்லில் இரண்டையும் ஏற்றினால் கலைச்சொல்லின் கூர்மை போய்விடும். ‘உய்சாலை’ என்பேன்.

‘பொறு’ பற்றி ஒன்று. பொறை என்றால் சுமை, பொறை என்றால் பொறுமை. பொறுப்பும் அதே வேர்தான். பழைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக நடுவார்கள். தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் மேல்கல் இருக்கும். மனிதன் களைத்துப்போவான் என்று தெரிந்து வழியை அமைத்தவர்கள் நாம்.

பு.

—

பு. ஐயா, அந்தக் கல்லை நானும் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் இன்று 80 கிலோமீட்டர் வேகச் சாலையின் ஓரத்தில் அந்தக் கருங்கல் நின்றால் அதைத்தான் முதலில் தள்ளி நட வேண்டும். புளியமரமும் அப்படியே. வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டோம். வெட்டச் சொல்லவில்லை, அந்த நிழலில் வளர்ந்தவன் நான். மரம் நிற்கட்டும், அதற்கு முன்னால் தடுப்பு வரட்டும், இல்லையென்றால் வேகம் குறையட்டும். நடப்பவர் மேல் மோதலாம் என்கிற இடத்தில் 30, பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்பில் 50, எதிரெதிரே மோதக்கூடிய சாலையில் 70 என்று சுவீடன்காரர்கள் வைத்த கணக்கு உடம்பு தாங்கும் அளவைப் பார்த்து வைத்தது. பதினாறு வயதுப் பையனின் விலா எலும்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

அவர்கள் அளவெல்லாம் கார்க்காரரை வைத்து. நம் சாவில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வண்டி. கார் உரசி நிற்கிற கம்பிவடத்தின் தூண் பைக்கில் வருகிறவனைப் பொறுக்குமா? யாருடைய பிழையை என்பதும் அந்தச் சொல்லுக்குள் வர வேண்டும்.

இன்னொன்று: கையேட்டில் ‘விபத்து’ என்றே எழுதாதீர்கள். விதியால் நேர்ந்தது போல இருக்கிறது. ‘மோதல்’ என்று போடுங்கள்.

இரா.

—

இரா. சார், ‘விபத்து’ வடமொழியில் ‘விபத்’, பேரிடர் என்று பொருள். விதி, தற்செயல் எல்லாம் ‘ஆக்சிடென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கும் குறை. அதற்காகத் தமிழ்ச் சொல்லைத் தண்டிக்க வேண்டாம். ‘மோதல்’ என்றால் செய்தித்தாளில் இரு தரப்பு மோதல். பேருந்து பள்ளத்தில் உருண்டால் எதோடு மோதியது? தனித்தமிழில் ‘நேர்ச்சி’ என்கிறார்கள், அதில்தான் ‘நேர்ந்தது’ என்ற தற்செயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வே.

—

‘பிழை’ எங்களுக்கு நாளாந்தச் சொல். நீங்கள் தப்பு என்கிற இடத்தில் எல்லாம் நாங்கள் பிழை என்போம். ‘பிழை பொறுக்கும் வீதி’ இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ‘உய்’ தேவாரத்தோடு நின்றுவிட்டது. என் வாக்கு ‘பிழை’க்கு.

சி.

—

அனைவருக்கும் நன்றி. கோப்பு இன்று மாலை போய்விட்டது.

தலைப்பில் ‘பிழைபொறு சாலை’, உள்ளே முதல்முறை வரும் இடத்தில் ‘பிழை பொறுக்கும் சாலை’ என்று விரித்திருக்கிறேன். ‘விபத்து’ அப்படியே இருக்கிறது. ‘சேஃப் சிஸ்டம்’தான் எனக்கு நிறைவாகவில்லை. ‘பாதுகாப்பு முறைமை’ வீட்டுக்குப் பூட்டுப் போடுவது போல இருக்கிறது, ‘கட்டகம்’ என்று தனி மடலில் ஒருவர் சொன்னதைத் தட்டச்சுக்காரரே திருப்பிக் கேட்டார். ‘பாதுகாப்பு ஒருங்கமைவு’ என்று போட்டேன். வேறு வழி தெரியவில்லை. இருசக்கர வண்டி பற்றி இரா. சார் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்க அனுமதி கேட்டேன், கிடைத்தது. தடுப்பின் முனைக்கு ஒரு படமும் கேட்டிருக்கிறேன்.

ம.

—

‘ஒருங்கமைவு’ என்பதில் காப்பும் இல்லை, உயிரும் இல்லை. அடுத்த பதிப்புக்கு ‘ஏமம்’ என்று என் பெயரில் குறித்து வையுங்கள். இரா. அவர்களே, அந்தப் புறவழிச்சாலைத் தகட்டின் முனையை இப்போதாவது புதைத்தார்களா?

பு.

—

இல்லை ஐயா. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

இரா.