மறு: சாச்சுரேஷனுக்குத் தமிழ்: தெவிட்டலா, நிரம்பலா, முட்டலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) தன் எல்லையை எட்டி, அதற்குமேல் குறிகையை (சிக்னல்) காட்ட முடியாமல் நிற்பதைச் சாச்சுரேஷன் என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்து வருகிறேன். இதுவரை எழுதாமல் இருந்தேன். போன சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சில பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று, நான்கு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுவதால் அறிவியல் அவர்களுக்கு மலாய்ச் சொற்களோடுதான் மனத்தில் தங்கியிருக்கிறது. பெருக்கி என்றால் 'பெங்குவாட்', எல்லைக்குள் அடங்கும் அளவு என்றால் 'ஜூலாட்', நிறைவுற்றது என்றால் 'தெப்பு'.

அன்று இதய மின்குறிகையைப் பெருக்கித் தரும் சிறிய இசிஜி பலகை ஒன்றை அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்து இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அழகாக வந்துகொண்டிருந்த அலை திடீரென்று மேலே ஏறி ஒரே கோடாக நின்றுவிட்டது. எண் 675. ஒரு பையன் கேட்டான்: "1023 வரைக்கும் இடம் இருக்கே அண்ணே, 675-லயே ஏன் நிக்குது?" அருமையான கேள்வி. அர்டுயினோ 5 வோல்ட்டை 1023 படிகளாக அளக்கிறது. ஆனால் பலகைக்கு நாங்கள் கொடுத்த மின்சாரம் 3.3 வோல்ட். அதைத் தாண்டி அந்தப் பெருக்கியால் ஒரு இம்மியும் ஏற முடியாது. கணக்குப் போட்டால் 3.3 வோல்ட் என்பது சரியாக 675. அளப்பவனிடம் இடம் இருக்கிறது, பெருக்கியிடம் இல்லை. அலை அப்படி மேலே ஏறியதற்கு, மார்பில் ஒட்டிய மின்முனையின் பசை காய்ந்து, ஓரம் தோலைவிட்டு எழும்பியிருந்ததுதான் காரணம்.

நான் சொன்னேன்: "குறிகை உள்ளீட்டு வீச்சைத் தாண்டிவிட்டது." உடனே ஒரு பிள்ளை, "வீச்சுன்னா ஜூலாட்டா, அம்ப்ளிட்டூடா அண்ணே?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அலையின் உயரமும் வீச்சுதான், புள்ளியியலில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளியும் வீச்சுதான். மற்ற இடங்களில் சமாளித்துவிடலாம். இங்கே முடியாது. குறிகை எவ்வளவு உயரம், பெருக்கி எவ்வளவு ஏற்கும் என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இந்தப் பாடமே. 'வீச்சு வீச்சை மீறியது' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? ஆகவே பெருக்கி ஏற்கும் அளவுக்குக் 'கொள்ளெல்லை' என்று முன்வைக்கிறேன். வீச்சு என்பதை அலையின் உயரத்துக்கே விட்டுவிடுவோம்.

அடுத்தது தலைப்புச் சொல். 'தெவிட்டுநிலை' தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் ஊறிய சொல் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். உண்மை. லத்தீன் மூலத்திலும் வயிறு நிறைந்த பொருள்தான் இருக்கிறது. ஆனால் தெவிட்டுவது என்றால் இன்னும் கொடுத்தால் வேண்டாம் என்று ஒதுங்குவது. பெருக்கி ஒதுங்குவதில்லை. கொடுப்பதை வாங்கிக்கொண்டு, காட்ட முடியாமல் நிற்கிறது.

இலங்கை நண்பரின் 'நிரம்பல்' எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழைக்காலத்தில் மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) நிரம்பி வழிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். விளிம்புவரை நிற்கும் மங்கைப் பார்த்தால் நிரம்பியது தெரியும். எவ்வளவு வழிந்தோடியது என்பது தெரியாது. தட்டையாக நின்ற இசிஜி கோடும் அப்படியே. போனது போனதுதான், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இன்னொன்றும் பொருந்துகிறது. இரவு மழையில் மங்கில் பாதி தண்ணீர் தேங்கியிருந்தால், பாலுக்கு மிச்சம் பாதி இடம்தான். மின்முனையும் தோலும் சேரும் இடத்தில் உண்டாகும் நிலையான மின்னழுத்தம் இந்தத் தேங்கிய தண்ணீர்தான். இதயக் குறிகை தோலில் 1 மில்லிவோல்ட் அளவு. வேண்டாத நிலை அழுத்தமோ 300 மில்லிவோல்ட் வரை போகலாம். இசிஜி கருவிகள் அந்த அளவைத் தாங்கவேண்டும் என்று தர விதியே இருக்கிறது. முதல் கட்டத்திலேயே ஆயிரம் மடங்கு பெருக்கினால் அந்த 300 மில்லிவோல்ட் 300 வோல்ட்டாக வேண்டும். 3.3 வோல்ட்டில் ஓடும் கருவிக்கு அது ஆகிற காரியமா? அதனால்தான் முதலில் கொஞ்சமாகப் பெருக்கி, நிலை அழுத்தத்தை வடித்துவிட்டு, அப்புறம் மீதியைப் பெருக்குகிறார்கள்; அல்லது வாசலிலேயே ஒரு மின்தேக்கியை வைத்துத் தடுக்கிறார்கள். இந்த நிலை அழுத்தத்துக்கு 'அடித்தேக்கம்' பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆனால் மங்கு உவமை ஓரிடத்தில் உதவவில்லை. மங்குக்கு ஒரே ஒரு விளிம்பு. பெருக்கிக்கு மேலும் ஒரு சுவர், கீழும் ஒரு சுவர். குறிகை கீழ்ப்பக்கம் இறங்கி அடித்தட்டில் நிற்கும்போது அதை 'நிரம்பியது' என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் 'முட்டல்' என்கிறேன். மேல்முட்டல், கீழ்முட்டல் இரண்டும் இயல்பாக வருகின்றன. பேச்சுவழக்கு என்று ஒருவர் தயங்கியிருந்தார். 'வயிறு முட்டச் சாப்பிட்டேன்' என்கிறோமே, அங்கே நிறைவு. 'சுவரில் முட்டியது' என்கிறோமே, அங்கே தடை. நமக்கு வேண்டிய இரண்டு பொருளும் ஒரே சொல்லில் ஏற்கனவே இருக்கின்றன. வினையாகவும் புழங்கும்: பெருக்கி முட்டியது, முட்டப்போகிறது, முட்டாமல் பார்த்துக்கொள். நிலையைக் குறிக்க 'முட்டுநிலை'.

முட்டுநிலை வேறு, அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தெரிவது வேறு. முதலாவது பெருக்கிக்கு நேர்வது, இரண்டாவது அலையில் தெரியும் தடம். அந்தத் தடத்துக்குப் பிள்ளைகளே 'மொட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அலை மொட்டையாகிவிட்டது, மொட்டை அலை. மாற்றவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

இந்த வேறுபாட்டை விடாமல் காக்கவேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், மொட்டை தெரியாமலும் முட்டுநிலை இருக்கலாம். முதல் கட்டம் முட்டி நின்று, அடுத்த கட்டம் நிலை அழுத்தத்தை வடிகட்டினால், திரையில் கோடு நடுவிலேயே அமைதியாகப் போகும். நரம்பு, மூளைக் குறிகைகளை அளக்கும்போது இப்படி நேர்ந்தால், பார்ப்பவர் நரம்பு ஓய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொள்வார். உண்மையில் கருவிதான் குருடாகியிருக்கும். மூளை அலை 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை உள்ள மெல்லிய சமாச்சாரம். அந்த அமைதியை நம்பி ஏமாறுவது எளிது.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று, நரம்புக் குறிகைகளைப் பெருக்கும் இன்டான் என்ற சில்லை வைத்துப் பார்த்தேன். "இன்டான் சில்லின் கொள்ளெல்லை ±5 மில்லிவோல்ட். நரம்பணுவுக்கு வெளியே வைத்த மின்முனையின் குறிகை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே இருப்பதால் தாராளமாக அடங்கும். நரம்பணுவுக்குள்ளே நடக்கும் துடிப்பின் வீச்சு ஏறக்குறைய 100 மில்லிவோல்ட். அதை அப்படியே கொடுத்தால் சில்லு முட்டிவிடும்." உரக்கப் படித்தேன், தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குச் சிக்கவில்லை. முட்டுவதற்கு முன் குறிகைக்கு மிச்சமிருக்கும் இடத்துக்கு என்ன சொல்வது? 'முட்டிடைவெளி' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. மிச்சம் என்று மட்டும் சொன்னால் எதன் மிச்சம் என்ற கேள்வி வருகிறது. கிணறு, தொட்டி, படகு என்று எந்தத் தொழிலிலாவது விளிம்புக்குக் கீழே விட்டுவைக்கும் இடத்துக்குப் பெயர் கேட்டிருந்தால் எழுதுங்கள். வரும் சனிக்கிழமை அந்தப் பாடம்தான் எடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து